‘செய்யணும்’ என்ற சொல்லுக்கும் செய்வதற்கும் நடுவே

ஜார்ஜ் அகர்லாஃப் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் இளம் வயதில் ஓராண்டு இந்தியாவில் தங்கியிருந்தார். அவரைப் பார்க்க வந்த நண்பர் ஜோசப் ஸ்டிக்லிட்ஸ், ஊர் திரும்பும்போது விமானத்தில் எடுத்துப்போக முடியாத ஒரு துணிப் பெட்டியை அவரிடம் விட்டுவிட்டுப் போனார். அதை அமெரிக்காவுக்கு அனுப்பிவைக்க வேண்டும், அவ்வளவுதான். ஒரு முழு நாள் அலைய வேண்டியிருக்கும் என்று அகர்லாஃப் கணக்குப் போட்டார். காலையில் எழுவார், நாளைக் காலையில் அனுப்பிவிடலாம் என்று முடிவு செய்வார். மறுநாளும் அதே முடிவு. இப்படியே எட்டு மாதத்துக்கு மேல் ஓடிவிட்டது. கடைசியில் அமெரிக்கா திரும்பிக்கொண்டிருந்த இன்னொரு நண்பரின் சாமான்களோடு சேர்த்து அந்தப் பெட்டியை ஏற்றிவிட்டார்.

இந்த அனுபவத்தை வைத்தே 1991-இல் அகர்லாஃப் ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார். 2001-இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட மூவரில் பெட்டியை விட்டுச்சென்றவரும் உண்டு, அனுப்பாமல் வைத்திருந்தவரும் உண்டு. அறிவிலோ உழைப்பிலோ குறை சொல்ல முடியாத ஒரு மனிதர், ஒரே ஒரு பெட்டியை எட்டு மாதம் அனுப்ப முடியாமல் தவித்திருக்கிறார். தள்ளிப்போடுகிறவர்களைப் பார்த்து ‘சோம்பேறி’ என்று சொல்வதற்கு முன் அந்தப் பெட்டியை ஒரு தடவை நினைத்துக்கொள்ளலாம்.

எது தள்ளிப்போடுதல்?

ஒரு வேலையைப் பிறகு செய்வதெல்லாம் தள்ளிப்போடுதல் ஆகாது. பரிசோதனை முடிவு வரட்டும் என்று சிகிச்சை பற்றிய முடிவை நிறுத்திவைப்பது நிதானம். குழந்தைக்குக் காய்ச்சல் என்பதால் அலுவலக அறிக்கையை நாளைக்கு வைத்துக்கொள்வது, எது முதலில் என்று தெரிந்து செய்வது. தள்ளிப்போடுதல் என்று உளவியலில் சொல்வதற்கு மூன்று அடையாளங்கள் சேர்ந்திருக்க வேண்டும். அதைச் செய்வதாக நாமே முடிவு செய்திருக்கிறோம். தாமதித்தால் நமக்குத்தான் கெடுதல் என்பதும் தெரியும். தெரிந்தும், யாரும் தடுக்காமலேயே, நாமே தள்ளுகிறோம்.

சோம்பலோடு இதைக் குழப்பிக்கொள்வதால்தான் பலருக்கு வழி தெரியாமல் போகிறது. சோம்பலாக இருப்பவர் வேலையைப் பற்றிக் கவலைப்படுவதில்லை, படுத்துத் தூங்கிவிடுவார். தள்ளிப்போடுகிறவருக்கு ஓய்வும் கிடைப்பதில்லை. படம் பார்த்துக்கொண்டிருக்கும்போதும் மனதின் ஓரத்தில் அந்த வேலை உறுத்திக்கொண்டே இருக்கும். வேலையும் நடக்காது, ஓய்வும் ஓய்வாக இருக்காது. பல நேரங்களில் அவர் சும்மாகூட இருப்பதில்லை. முக்கியமான ஒரு வேலையைத் தவிர்ப்பதற்காக முக்கியமில்லாத பத்து வேலைகளைச் சுறுசுறுப்பாகச் செய்து முடித்திருப்பார்.

இது புதிய நோயும் இல்லை, கைபேசி வந்தபிறகு முளைத்ததும் இல்லை. பழந்தமிழில் இதற்கு ‘நெடுநீர்’ என்று ஒரு சொல்லே உண்டு. நல்லது எது என்று தெரிந்தும் அதற்கு மாறாக நடப்பதைக் கிரேக்கர்கள் ‘அக்ராசியா’ என்றார்கள், அரிஸ்டாட்டில் அதைப் பற்றி விரிவாக விவாதித்திருக்கிறார். இந்தக் காலத்துக்கு வந்தால், பியர்ஸ் ஸ்டீல் என்ற கனடா நாட்டு ஆய்வாளர் அதுவரை வெளிவந்த ஆய்வுகளையெல்லாம் 2007-இல் தொகுத்துப் பார்த்தார். பெரியவர்களில் 15 முதல் 20 சதவீதம் பேருக்கு இது விடாத பழக்கமாக இருக்கிறது என்றும், கல்லூரி மாணவர்களில் 80 முதல் 95 சதவீதம் பேர் ஏதோ ஒரு வகையில் தள்ளிப்போடுகிறார்கள் என்றும் அதில் மதிப்பீடுகள் உள்ளன. ஆக, உங்களுக்கு இந்தப் பழக்கம் இருந்தால் நீங்கள் தனி ஆள் இல்லை.

நினைப்பது பாதி தூரம்கூட இல்லை

நம் பேச்சைக் கொஞ்சம் கவனித்தால் ‘ணும்’ என்று முடியும் வாக்கியங்கள் எத்தனை என்று தெரியும். தினமும் நடக்கணும். பல் டாக்டரைப் பார்க்கணும். அவருக்குப் பதில் போடணும். பணம் சேர்க்கணும். ஒவ்வொன்றையும் உண்மையாகவே நினைத்துத்தான் சொல்கிறோம். சொல்லும்போது மனதுக்கு ஒரு திருப்திகூட வருகிறது, பாதி வேலை முடிந்ததுபோல.

உண்மையில் எவ்வளவு முடிந்திருக்கிறது? மக்களின் எண்ணத்துக்கும் செயலுக்கும் உள்ள உறவைப் பல்லாண்டுகளாக ஆராய்ந்துவரும் பாஸ்கல் ஷீரன், தாமஸ் வெப் என்ற உளவியலாளர்கள் 2016-இல் எழுதிய தொகுப்பின்படி, மனிதர்களின் எண்ணங்களில் ஏறக்குறைய பாதிதான் செயலாகிறது. உடற்பயிற்சி செய்வேன் என்று மனதார முடிவெடுத்தவர்களிலேயே பாதிப் பேர் செய்வதில்லை. அதற்கு முன் 2006-இல் அதே இருவர் 47 பரிசோதனைகளைச் சேர்த்துப் பார்த்திருந்தார்கள். ஒருவருடைய எண்ணத்தை நன்றாகவே வலுப்படுத்தினாலும் அவருடைய செயலில் வரும் மாற்றம் அதைவிடச் சிறியதாகத்தான் இருந்தது.

‘மன உறுதி வேண்டும்’, ‘வைராக்கியம் வேண்டும்’ என்ற அறிவுரைகள் ஏன் பலிப்பதில்லை என்பதற்கு இங்கேதான் விடை இருக்கிறது. அந்த அறிவுரைகள் எல்லாம் எண்ணத்தைத்தான் பலப்படுத்துகின்றன. தள்ளிப்போடுகிறவருக்கு எண்ணத்தில் பஞ்சமே இல்லை. அவர் மாட்டிக்கொள்ளும் இடம் வேறு. முடிவெடுப்பது ஒரு வேலை, தொடங்குவது இன்னொரு வேலை. முதலாவதைச் செய்துவிட்டு இரண்டாவதும் சேர்ந்து நடந்துவிடும் என்று எதிர்பார்க்கிறோம்.

அந்த ஒரு நிமிடம்

மாட்டிக்கொள்ளும் அந்த இடத்தைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம்.

ஒரு மாணவி. திங்கட்கிழமை அறிக்கை கொடுக்க வேண்டும். சனிக்கிழமை காலை பத்து மணிக்கு மடிக்கணினியைத் திறக்கிறாள். புதுக் கோப்புக்குப் பெயர் வைத்தாயிற்று. வெற்றுப் பக்கத்தின் மேல் மூலையில் கர்சர் மின்னி மின்னி மறைகிறது. முதல் வரியில் என்ன எழுதுவது? சட்டென்று எதுவும் வரவில்லை. வயிற்றில் லேசாக ஒரு பிசைவு. தோள் இறுகுகிறது. ‘எனக்கு இது வராது’ என்ற நினைப்பு முழு வாக்கியமாகக்கூட உருவாகவில்லை, அதற்குள் கை மேசையின் மேலிருக்கும் தூசியைத் தட்ட ஆரம்பித்துவிடுகிறது. தூசிக்குப் பிறகு பேனாக்கள். அப்புறம் அலமாரியின் ஒரு தட்டு. வயிற்றில் இருந்த பிசைவு போய்விட்டது. “மத்தியானம் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தால் தெளிவாக வரும்” என்று சொல்லிக்கொள்கிறாள். சொன்னவுடன் மனம் லேசாகிறது.

அந்த லேசான உணர்வுதான் விஷயமே. அவள் ஓடியது அறிக்கையிலிருந்து அல்ல, அறிக்கையைப் பார்த்ததும் வந்த அந்த உணர்விலிருந்து. ஓடியதும் நிம்மதி கிடைத்தது. எந்தச் செயலுக்குப் பிறகு நிம்மதி கிடைக்கிறதோ, அந்தச் செயலை மூளை பிடித்துக்கொள்ளும். அடுத்த தடவை பிசைவு வருவதற்கு முன்பே கை தூசி தட்டப் போய்விடும். பழக்கம் இப்படித்தான் உருவாகிறது.

தள்ளிப்போடுதல் என்பது நேரத்தைக் கையாளத் தெரியாத பிரச்சினை என்றே நெடுங்காலம் நினைத்துவந்தார்கள். அதனால்தான் அதற்கு மருந்தாக நாள்காட்டியும் அட்டவணையும் தரப்பட்டன. திமோதி பிச்சில், ஃபியூஷா சிரோயிஸ் என்ற ஆய்வாளர்கள் 2013-இல் வேறு விதமாகச் சொன்னார்கள்: இது உணர்ச்சியைக் கையாளும் பிரச்சினை. இந்த நிமிடத்தின் மனநிலையைச் சரிசெய்துகொள்வதற்காக, பின்னால் வரப்போகும் நம்மை அடகு வைக்கிறோம்.

இதற்கு ஆதாரமாக எனக்கு மிகவும் பிடித்த ஒரு பரிசோதனை உண்டு. டயான் டைஸும் அவருடைய சகாக்களும் 2001-இல் வெளியிட்டது. கலந்துகொண்டவர்களின் மனநிலையை முதலில் வாடச் செய்தார்கள். பிறகு, சிறிது நேரத்தில் ஒரு கணிதத் தேர்வு இருக்கிறது, அதுவரை பயிற்சி செய்யலாம் என்றார்கள். அறையில் விளையாட்டுப் பொருள்களும் இருந்தன. சிலரிடம் மட்டும் ஒரு மெழுகுவர்த்தியைக் காட்டி, ‘இதன் வாசனை உங்கள் இப்போதைய மனநிலையை அப்படியே உறையவைத்துவிடும்’ என்று பொய்யாகச் சொன்னார்கள். எது செய்தாலும் மனநிலை மாறப்போவதில்லை என்று நம்பியவர்கள் அவ்வளவாக நேரத்தை வீணாக்கவில்லை. மனநிலை மாறும் என்று நம்பியவர்கள்தான், சுற்றிலும் சுவாரசியமான பொருள்கள் இருந்தபோது, பயிற்சியை விட்டுவிட்டு விளையாடினார்கள். தள்ளிப்போட்டால் மனம் லேசாகும் என்ற எதிர்பார்ப்பு போனதும் தள்ளிப்போடுதலும் குறைந்துவிட்டது.

அந்த நிம்மதி நிலைப்பதும் இல்லை. 1997-இல் இதே டைஸ், ராய் பாமைஸ்டருடன் சேர்ந்து மாணவர்களை ஒரு பருவம் முழுவதும் கவனித்தார். தள்ளிப்போடும் மாணவர்கள் பருவத் தொடக்கத்தில் மற்றவர்களைவிடக் கவலையில்லாமலும் ஆரோக்கியமாகவும் இருந்தார்கள். பருவம் முடியும் சமயத்தில் கணக்கு தலைகீழானது. மன அழுத்தம் அதிகம், உடல்நலக் கோளாறுகள் அதிகம், மதிப்பெண்ணும் குறைவு. ‘கடைசி நேர நெருக்கடியில்தான் எனக்கு நன்றாக வரும்’ என்று சொல்லும் நண்பர்கள் நம் எல்லோருக்கும் உண்டு. நெருக்கடியில் அவர்களுக்கு வேலை ஓடுகிறது என்பது உண்மைதான். நன்றாக வருகிறது என்பதற்குத்தான் ஆதாரம் இல்லை.

எனக்கே நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். பள்ளியில் எனக்குப் பாடம் சொல்லித்தந்த ஆசிரியர் ஒருவர், மனைவி இறந்து சில வாரங்களில் எனக்கு நீளமாக ஒரு கடிதம் எழுதினார். வீட்டின் மௌனத்தைப் பற்றி, அந்த அம்மா வைத்துவிட்டுப் போன மூக்குக் கண்ணாடியை எங்கே வைப்பதென்று தெரியாததைப் பற்றி. படித்ததும் கண் கலங்கிவிட்டது. இதற்கு அவசரமாக இரண்டு வரி எழுதக் கூடாது, நிதானமாக உட்கார்ந்து எழுதணும் என்று நினைத்தேன். முதல் வாரம் அந்த நினைப்பு மரியாதையாகத்தான் இருந்தது. மூன்றாவது வாரம் குற்ற உணர்ச்சி சேர்ந்துகொண்டது. இவ்வளவு நாள் கழித்து எழுதுவதென்றால் இன்னும் நன்றாக எழுத வேண்டுமே என்று ஆயிற்று. இரண்டாவது மாதத்தில் கடிதம் இருந்த மேசை இழுப்பறையைத் திறப்பதையே தவிர்த்தேன். அதில்தான் கத்தரிக்கோலும் இருந்தது. கத்தரிக்கோல் வேண்டுமென்றால் பக்கத்து அறையில் கடன் கேட்டேன்.

தாமதம் தன் பங்குக்குப் புதிய வலியைச் சேர்க்கும். அந்த வலி அடுத்த தாமதத்துக்குக் காரணமாகும். வட்டி குட்டி போடுவதுபோலத்தான் இதுவும்.

நாளைய மனிதர் மேல் நமக்கு இருக்கும் நம்பிக்கை

உணர்ச்சிக்கு அடுத்தபடியாக, காலம். கண்ணெதிரே இருக்கும் தொல்லை பூதாகரமாகத் தெரியும். தூரத்தில் இருக்கும் தொல்லை, அதே அளவானாலும், சின்னதாகத் தெரியும். இன்று பெட்டியை அனுப்ப அலைவது பெரும்பாடு. நாளை அலைவது பரவாயில்லை. நாளை வந்ததும் அது இன்றாகிவிடும், மறுபடியும் பெரும்பாடு. அகர்லாஃப் தன் கட்டுரையில் காட்டியது இதைத்தான். ஒரு நாள் தாமதத்தால் வரும் நஷ்டம் மிகச் சிறியது. அதனால் ஒவ்வொரு நாளும் எடுக்கும் முடிவு தனியாகப் பார்த்தால் நியாயமாகவே இருக்கும். எல்லாம் சேரும்போதுதான் எட்டு மாதம். அந்த எட்டு மாதத்தில் ஒரு நாள்கூட அவர் ‘எட்டு மாதம் தாமதிக்கலாம்’ என்று முடிவெடுக்கவில்லை.

நாளைக்கு நான் வேறு மாதிரி இருப்பேன் என்று நாம் உண்மையாகவே நம்புகிறோம். நாளைய மனிதருக்குத் தூக்கம் வராது, அலுப்பு இருக்காது, மனதில் பிசைவு இருக்காது. 1994-இல் ரோஜர் பியூலரும் சகாக்களும் ஆய்வேட்டை எழுதிக்கொண்டிருந்த மாணவர்களிடம் எப்போது முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாகச் சொன்னது 33.9 நாள். எல்லாமே கோளாறாகப் போனால் எவ்வளவு ஆகும் என்றும் கேட்டார்கள், 48.6 நாள் என்றார்கள். முடிக்க ஆனது 55.5 நாள். அவர்கள் கற்பனை செய்த மோசமான நிலையைவிட உண்மை ஒரு வாரம் நீளம்.

பியர்ஸ் ஸ்டீல் இவற்றையெல்லாம் ஒரே சமன்பாடாகச் சுருக்கியிருக்கிறார். சூத்திரத்தை விட்டுவிடலாம், உள்ளே இருப்பது எளியது. என்னால் முடியும் என்ற நம்பிக்கையும், வேலையால் கிடைக்கும் பயனும் கூடினால் ஊக்கம் கூடும். பலன் தொலைவில் இருந்தாலோ, மனம் சட்டென்று அலைபாயும் தன்மை உள்ளவராக இருந்தாலோ ஊக்கம் குறையும். எல்லாவற்றையும் குறையில்லாமல் செய்ய நினைப்பவர்கள்தான் அதிகம் தள்ளிப்போடுவார்கள் என்று பரவலாக ஒரு நம்பிக்கை இருக்கிறது. ஸ்டீலின் தொகுப்பில் அந்தத் தொடர்பு பலமாக இல்லை. வேலையின் மேலிருக்கும் வெறுப்பும், தன்னால் முடியாது என்ற எண்ணமும், அலைபாயும் மனமும்தான் பெரிய காரணங்களாக நின்றன. என் கடித விஷயத்தில் நானும் ‘நன்றாக எழுத வேண்டும் என்பதால்தான்’ என்று காரணம் சொல்லிவந்தேன். இப்போது யோசித்தால், அவருடைய துக்கத்தின் முன்னால் உட்கார எனக்குப் பயமாக இருந்தது.

‘ணும்’ போய் ‘ததும்’ வரட்டும்

சரி, என்ன செய்வது? நான் படித்ததிலும் முயன்றதிலும் ஒன்றே ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்கச் சொன்னால் தயங்காமல் இதைச் சொல்வேன்: ‘ணும்’ என்று முடியும் வாக்கியத்தை ‘ததும்’ வரும் வாக்கியமாக மாற்றி எழுதுங்கள்.

‘தினமும் நடக்கணும்’ என்பது ஒரு விருப்பம். ‘காலையில் பல் துலக்கி முடித்ததும் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வருவேன்’ என்பது ஒரு திட்டம். முதல் வாக்கியத்தில் எப்போது, எங்கே, எதை என்ற எதுவுமே இல்லை. அதனால் நாள் முழுவதும் எந்த நிமிடத்திலும் அதைச் செய்யலாம், எந்த நிமிடத்திலும் செய்யாமலும் இருக்கலாம். ஒவ்வொரு தடவையும் புதிதாக முடிவெடுக்க வேண்டும். ஒவ்வொரு முடிவிலும் அந்தப் பிசைவு உள்ளே புக இடமிருக்கிறது. இரண்டாவது வாக்கியத்தில் முடிவு முந்தைய நாளே எடுத்தாயிற்று. பல் துலக்கி முடிக்கும் அந்த நிமிடமே நினைவூட்டிவிடும்.

ஜெர்மானிய உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1990-களிலிருந்து ஆராய்ந்துவரும் முறை இது. ‘இன்னது நடந்தால் இன்னதைச் செய்வேன்’ என்று சூழ்நிலையையும் செயலையும் முன்கூட்டியே முடிச்சுப் போட்டுவிடுவது. 2006-இல் அவரும் ஷீரனும் 94 ஆய்வுகளைத் தொகுத்தபோது, இப்படித் திட்டமிட்டவர்கள் வெறுமனே நோக்கம் வைத்திருந்தவர்களைவிடக் கணிசமாக அதிகம் சாதித்திருந்தார்கள்.

ஓர் ஆய்வின் எண்களைச் சொன்னால் வித்தியாசம் புரியும். 2002-இல் பிரிட்டனில் 248 பேரை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். வாரத்தில் ஒரு முறையாவது 20 நிமிடம் நன்றாக உடற்பயிற்சி செய்கிறார்களா என்று பார்ப்பதுதான் நோக்கம். முதல் குழுவுக்கு எதுவும் சொல்லவில்லை, 38 சதவீதம் பேர் செய்தார்கள். இரண்டாவது குழுவுக்கு இதய நோய் பற்றியும் உடற்பயிற்சியின் நன்மை பற்றியும் எடுத்துச்சொல்லி ஊக்கப்படுத்தினார்கள், 35 சதவீதம். மூன்றாவது குழுவுக்கும் அதே ஊக்கம் தந்து, கூடவே எந்த நாள், எத்தனை மணிக்கு, எந்த இடத்தில் என்று எழுதிக்கொள்ளச் சொன்னார்கள். 91 சதவீதம்! ஊக்கம் மட்டும் கேட்டவர்களுக்கு எண்ணம் வலுத்தது, கால் நகரவில்லை.

இதைவிடப் பழைய ஒன்று, 1965-இல் யேல் பல்கலைக்கழகத்தில் நடந்தது. ரணஜன்னித் தடுப்பூசியின் அவசியத்தை மாணவர்களுக்கு விளக்கினார்கள். சிலருக்குப் பயமுறுத்தும் படங்களோடு கூடிய கையேடு. பயம் மனதை மாற்றியது, ஊசி போடவைக்கவில்லை. விளக்கம் மட்டும் பெற்றவர்களில் 3 சதவீதம் பேர்தான் ஊசி போட்டுக்கொண்டார்கள். இன்னொரு பகுதியினருக்கு வளாகத்தின் வரைபடத்தில் மருத்துவ நிலையத்தைக் குறித்துக் கொடுத்து, எந்த வகுப்புக்குப் போகும் வழியில் அங்கே போக முடியும் என்று யோசித்துவைக்கச் சொன்னார்கள். அவர்களில் 28 சதவீதம். அந்த மாணவர்களுக்கு மருத்துவ நிலையம் எங்கே இருக்கிறதென்று முன்பே தெரியாமல் இருந்திருக்காது. இல்லாதது அந்த ‘எந்த வகுப்புக்குப் போகும் வழியில்’தான்.

திட்டம் எழுதும்போது பலர் சறுக்கும் இடங்கள் சில உண்டு. ‘நேரம் கிடைத்ததும் படிப்பேன்’ என்று எழுதினால் இலக்கணப்படி ‘ததும்’ வந்துவிட்டது, ஆனால் பயன் இல்லை. நேரம் கிடைத்தது என்று எந்த மணியும் அடிக்காது. கண்ணால் பார்க்கக்கூடிய, தவறாமல் நடக்கிற ஒன்றில் முடிச்சுப் போட வேண்டும்: பையைக் கீழே வைத்ததும், குழந்தையைப் பள்ளி வாசலில் விட்டதும், இரவுச் சாப்பாட்டுத் தட்டைக் கழுவி வைத்ததும். அதேபோல் அடுத்த பாதியில் வருவது கையால் செய்யக்கூடிய செயலாக இருக்க வேண்டும். ‘தேர்வுக்குத் தயாராவேன்’ என்பதைக் கை செய்யாது. ‘ஐந்தாம் பாடத்தின் முதல் கணக்கை நோட்டில் எழுதுவேன்’ என்பதைச் செய்யும். தடங்கலுக்கும் இதேபோல ஒரு வாக்கியம் எழுதிக்கொள்ளலாம்: ‘பாதியில் கை போனை எடுத்ததும், அதைக் கவிழ்த்து வைத்துவிட்டு விட்ட வரியை ஒரு முறை படிப்பேன்.’ ஒரே நேரத்தில் பத்துத் திட்டம் வேண்டாம். ஒன்று பழகியபிறகு இன்னொன்று.

ஓர் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். உங்களுக்கு உண்மையாகவே விருப்பமில்லாத ஒன்றை இந்த வாக்கியம் செய்யவைக்காது. யாரோ சொன்னதற்காகத் தலையாட்டிய நோக்கங்களுக்கு இது பலிப்பதில்லை. பல முறை திட்டமிட்டும் ஒரு வேலை நகரவே இல்லை என்றால், அது உண்மையில் என் ஆசைதானா என்று கேட்டுப் பார்ப்பது நல்லது. சில பட்டியல்களிலிருந்து சில வரிகளை அடித்துவிடுவதும் தீர்வுதான்.

முதல் அசைவைச் சின்னதாக்குவது

அந்த மாணவியின் வயிற்றைப் பிசைந்தது முழு அறிக்கையும் ஒரே மூச்சில் கண்ணெதிரே வந்து நின்றது. ‘தலைப்பையும், எனக்குத் தெரிந்த மூன்று விஷயங்களையும் எப்படி வருகிறதோ அப்படி எழுதுவேன்’ என்று எல்லையைச் சுருக்கியிருந்தால் பிசைவும் சுருங்கியிருக்கும். இது தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்வது இல்லையா என்று கேட்பவர்கள் உண்டு. இல்லை. மூன்று விஷயம் எழுதியதும் எழுந்து போனாலும் சரிதான், ஒரு தொடக்கம் கிடைத்துவிட்டது. தொடங்கிய வேலைக்கு ஓர் இழுப்பு உண்டு. மரியா ஓவ்சியான்கினா என்ற ஆய்வாளர் 1928-லேயே இதைக் காட்டினார். பாதியில் நிறுத்தப்பட்ட வேலையை, யாரும் சொல்லாமலேயே மனிதர்கள் மீண்டும் கையில் எடுக்கிறார்கள்.

கெடு வைத்துக்கொள்வது பற்றியும் ஒரு வார்த்தை. 2002-இல் டான் அரியேலியும் கிளாஸ் வெர்டன்பிராக்கும் மூன்று கட்டுரைகளைப் பிழைதிருத்தச் சிலரை வேலைக்கு வைத்தார்கள், மூன்று வாரம் அவகாசம். வாரத்துக்கு ஒன்று என்று கெடு விதிக்கப்பட்டவர்கள் அதிகப் பிழைகளைக் கண்டுபிடித்தார்கள். தாங்களே கெடு வைத்துக்கொண்டவர்கள் அடுத்த இடம். எல்லாவற்றையும் கடைசி நாளில் கொடுத்தால் போதும் என்று விடப்பட்டவர்கள் கடைசி. ஆக, பெரிய வேலைக்கு ஒரே ஒரு கடைசித் தேதி போதாது, நடுவில் சில தேதிகள் வேண்டும். அந்தத் தேதியை இன்னொருவரிடம் சொல்லி, அன்று அவரிடம் காட்டவும் ஏற்பாடு செய்துகொண்டால் இன்னும் நல்லது.

கைபேசியைப் பற்றி நீட்டி எழுத வேண்டியதில்லை. அது பக்கத்து அறையில் இருந்தால், பிசைவு வரும் நிமிடத்தில் ஓடி ஒளிய அவ்வளவு சுலபமான இடம் இருக்காது.

இவை எதுவும் வேலை செய்யாத நிலையும் உண்டு. சின்ன வயதிலிருந்தே எல்லா வேலையிலும் தொடங்குவதும் முடிப்பதும் பெரும் போராட்டமாக இருந்தால், அதன் பின்னால் ஏடிஎச்டி எனப்படும் கவனக்குறைபாடு இருக்கலாம். முன்பு பிடித்த விஷயங்களும் பிடிக்காமல், தூக்கமும் பசியும் மாறி, எதையும் தொடங்கத் தெம்பில்லாமல் வாரக்கணக்கில் போனால் அது மனச்சோர்வாக இருக்கலாம். இரண்டுக்கும் சிகிச்சை உண்டு. அதை விட்டுவிட்டு ‘நான் சரியில்லை’ என்று தன்னையே அடித்துக்கொண்டிருப்பது, கால் முறிந்தவர் வேகமாக நடக்கவில்லை என்று வருந்துவதுபோல. மருத்துவரையோ மனநல ஆலோசகரையோ பார்ப்பதுதான் அங்கே முதல் அசைவு.

நேற்றைய கணக்கு

தன்னைத் திட்டிக்கொண்டால்தான் திருந்துவோம் என்று நம்மில் பலருக்கு நம்பிக்கை. 2010-இல் மைக்கேல் வோலும் சகாக்களும் 119 முதலாண்டு மாணவர்களிடம் இதைச் சோதித்தார்கள். முதல் தேர்வுக்குப் படிக்காமல் தள்ளிப்போட்டவர்களில், அதற்காகத் தங்களை மன்னித்துக்கொண்டவர்கள் அடுத்த தேர்வின்போது குறைவாகத் தள்ளிப்போட்டார்கள். தங்களைக் கடிந்துகொண்டே இருந்தவர்களுக்கு அந்த முன்னேற்றம் இல்லை. மேலே பார்த்ததோடு சேர்த்து யோசித்தால் காரணம் புரியும். தள்ளிப்போடுவது ஒரு கசப்பான உணர்விலிருந்து ஓடுவது என்றால், குற்ற உணர்ச்சி அந்தக் கசப்பை இன்னும் கூட்டும். கூடிய கசப்பிலிருந்து இன்னும் வேகமாக ஓடுவோம். மன்னிப்பது என்றால் ‘பரவாயில்லை, ஒன்றும் ஆகவில்லை’ என்று பூசி மெழுகுவது அல்ல. தவறு நடந்தது, அது என் தவறுதான், இனி இந்த வேலையை நேராகப் பார்க்கலாம் என்று கணக்கை முடிப்பது.

ஐந்தாவது மாதம் நான் ஒரு துண்டுச்சீட்டில் எழுதி இழுப்பறையின் மேல் ஒட்டினேன்: ‘இரவு விளக்கைப் போட்டு மேசையில் உட்கார்ந்ததும், கடிதத்தை எடுத்து ஒரு தடவை படிப்பேன்.’ பதில் எழுதுவேன் என்று எழுதவில்லை. படிப்பது மட்டும்தான். அன்று இரவு படித்தேன். மூக்குக் கண்ணாடி வரி வந்த இடத்தில் நின்றேன். பக்கத்தில் கிடந்த தாளில், “அன்புள்ள சார், உங்கள் கடிதம் வந்து ஐந்து மாதம் ஆகிறது. என்ன எழுதுவதென்று தெரியாமல் பயந்துபோய் இருந்துவிட்டேன். மன்னித்துவிடுங்கள். அம்மாவின் கண்ணாடியை எங்கே வைத்தீர்கள்?” என்று எழுதினேன். நான்கு வரிதான். ஐந்து மாதமாக நான் எழுத நினைத்திருந்த அந்த நல்ல கடிதத்தில் இந்த வரிகள் எதுவும் இருந்ததில்லை. அன்றிரவே உறையில் போட்டு ஒட்டி, காலையில் வெளியே கிளம்பும்போது எடுத்துப்போகச் செருப்பின் மேல் வைத்தேன்.

ஒன்பதாவது நாள் பதில் வந்தது. கண்ணாடி புத்தக அலமாரியில், அவர் கை எட்டும் உயரத்தில் இருக்கிறதாம்.